தரைப்பாலத்தில் நின்ற கார்

ஓசூர்

அன்பு மகள் சுசித்ராவுக்கு அப்பா எழுதுவது. மஸ்கட்டில் நீ சுகமாக இருப்பாய். நாங்களும் சுகம் என்று எழுதக் கை வரவில்லை. போனில் பேசினால் குரல் உயர்ந்துவிடும், அதனால்தான் கடிதம்.

பெரியம்மா நாகம்மாள் போய்விட்டாள் என்று மட்டும்தான் உனக்குச் சொன்னோம். நீயும் ஒரு வரி வருத்தம் போட்டுவிட்டு, மறுவாரமே கார் என்ஜினுக்குக் காற்று இழுக்கிற ஏர் இன்டேக் மூன்றின் படம் அனுப்பி, இப்போது இருப்பதை விட எது நல்லது, பார்த்துச் சொல்லுங்கள் என்று கேட்கிறாய். சொல்கிறேன் கேள். லீவில் வந்தபோது நம் காரில் கம்பெனி வைத்த ஏர் பாக்ஸைக் கழற்றிவிட்டு, பம்பருக்குப் பின்னால் கீழே தொங்குகிற மாதிரி ஒன்றை மாட்டினாய். நம் ஊர் மழைக்குத் தாங்குமா என்றேன். ‘மஸ்கட்ல எங்க ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் இதான் போடறாங்கப்பா, கீழ இருந்தா குளுந்த காத்து வரும், வண்டி பறக்கும்’ என்றாய். அங்கே வருஷத்தில் எத்தனை நாள் மழை பெய்கிறது?

பெரியம்மா போன அன்றைக்குக் காலையில் வேப்பனப்பள்ளியிலிருந்து அவள் மகன் முனீஸ்வரன் உன் அம்மாவுக்குப் போன் செய்து, ‘சித்தி, அம்மா உங்களையேதான் கேக்குது, சீக்கிரம் வாங்க’ என்றான். உன் அம்மா கட்டிய புடவையோடு காரில் ஏறினாள். பேரிகை தாண்டித் தரைப்பாலத்தில் தண்ணீர் ஓடியது, பாதிச் சக்கரம்கூட இல்லை, முன்னால் நம் வண்டி மாதிரியே ஒன்று கடந்து போனதைப் பார்த்துத்தான் நானும் இறக்கினேன். நடுவில் இருமுவது போல ஒரு சத்தம், அவ்வளவுதான், நின்றுவிட்டது. கீழே இருந்த ஃபில்டர் வழியாக என்ஜினுக்குள் தண்ணீர் ஏறி, உள்ளே பிஸ்டன் ராடு வளைந்துவிட்டது என்றான் மெக்கானிக். அம்மா தண்ணீரில் இறங்கி நடந்து, மழையில் வருகிற வண்டிக்கெல்லாம் கை காட்டினாள். கடைசியில் ஒரு பால் வண்டி நிறுத்தியது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வாசலில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். ‘கடைசி வரைக்கும் வாசலையே பாத்துட்டு இருந்துச்சு சித்தி’ என்றான் முனீஸ்வரன். அம்மா அழவில்லை. திரும்பும்போது பஸ்ஸில், ‘பழைய பொட்டியே இருந்திருந்தா போயிருப்பமா?’ என்று கேட்டாள்.

நீ அனுப்பிய மூன்றில் இரண்டு கீழே தொங்குபவை. மூன்றாவது மேலே இருந்தாலும் மூடி இல்லாமல் திறந்து கிடக்கிறது, போனட் இடுக்கில் வழிகிற தண்ணீரே போதும் அதை நனைக்க. மழை ஊரில் காற்று எடுக்கிற வாய் உயரத்தில் இருக்க வேண்டும், ஃபில்டர் மூடிய பெட்டிக்குள் இருக்க வேண்டும். கம்பெனிக்காரன் அப்படித்தான் வைத்திருந்தான். அதையே திரும்ப மாட்டச் சொல்லிவிட்டேன், எதையும் அனுப்பாதே. அம்மா இனி அந்தக் காரில் ஏறமாட்டேன் என்கிறாள், காரியத்துக்கும் பஸ்ஸில்தான் போய்வந்தோம்.

உன் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது, மறைக்கவில்லை. ஆனாலும் நீ நல்லபடி இரு, வேளைக்குச் சாப்பிடு, குலசாமி உன்னைக் காக்கட்டும். அம்மாவுக்கு போன் செய். எடுக்கமாட்டாள். நீ தினமும் செய்.

உன் அப்பா,
சிவராஜ்