ஒரு நாள் தள்ளிச் சொன்ன பொய்

டேய்,

சோலாப்பூர் தாண்டியதும் எதிர் சீட்டில் இருந்த அம்மாள் ஓர் ஆரஞ்சை உரித்தார். வாசனை வந்ததும் பக்கத்தில் இருந்த குழந்தை கை நீட்டியது. நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். உரித்த தோலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "இது இருந்தா கக்கூஸ் நாத்தம் தெரியாதுடா" என்று சென்னை வரைக்கும் சொல்லிக்கொண்டு வர இந்த முறை நீ இல்லை.

ஏழு வருடம் சேர்ந்து போயிருக்கிறோம். புனேயில் நம் கம்பெனியை வருடக் கடைசியில் ஒரு வாரம் மூடுவார்கள். உனக்கு அது கிறிஸ்துமஸ், எனக்கு வெறும் லீவு. உன் வீட்டு வாசலில் நீ ஸ்டார் கட்டுவாய், நான் ஏணியைப் பிடித்துக்கொள்வேன். அதற்கே உன் அம்மா எனக்கும் ஒரு புதுச் சட்டை எடுத்து வைத்திருப்பார்.

கிளம்புவதற்கு முன் தவறாமல் ஒரு பொய் சொல்வாய். நாம் ஊர் போய்ச் சேருவது செவ்வாய்க்கிழமை என்றால், போனில் அம்மாவிடம் "புதன்கிழமை வரேம்மா" என்பாய். எதற்குடா என்று முதல் வருடம் கேட்டேன்.

"வர்ற நாளச் சொன்னா அது காலையிலேந்து ஒண்ணும் துன்னாது. ரோட்டுல வந்து நிக்கும். ரயில் லேட்டு, பஸ் லேட்டுன்னு நாம வர்றதுக்குள்ள அது பட்டினியா கெடக்கும். தேவையா?"

இப்படியும் ஒரு பிள்ளையா என்று எனக்கு அன்று கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. என் வீட்டில் நான் சொன்ன தேதியையே மறந்துவிடுவார்கள்.

திண்டிவனத்திலிருந்து வரும் பஸ்ஸில் செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலை கண்ணில் பட்டதும் உன் கைக்குச் சீப்பு வந்துவிடும். "கோட்ட தெரிஞ்சிடுச்சி, தலைய வாரு" என்று என்னையும் விடமாட்டாய். செஞ்சியில் அவலூர்பேட்டை பஸ் மாறி, நம் ஊர் மதகடியில் இறங்கி நடந்தால், வீட்டில் உன் அம்மா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருப்பார். "அடப்பாவி, நாளைக்கில்ல வரேன்ன!" என்பார். நீ கோட்டையையே பிடித்துவிட்டவன் மாதிரி என்னைப் பார்த்துக் கண்ணடிப்பாய்.

ஒரே ஒரு கவலை உனக்கு. நாம் போகும்போதெல்லாம் அம்மாவுக்கு மூச்சு வாங்கும், நெற்றியெல்லாம் வேர்த்திருக்கும். "சும்மா உக்காந்துனு இருக்கறதுக்கே இப்டி எளைக்குது பாரு" என்று இரண்டு முறை செஞ்சி டாக்டரிடம் கூட்டிப்போனாய். ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார். நீ நம்பவில்லை. புனேயிலிருந்து டானிக் வாங்கிவந்தாய்.

பிப்ரவரியில் காய்ச்சல் என்று படுத்தாய். பத்தே நாள். ஆம்புலன்ஸில் உன் பக்கத்தில் உட்கார்ந்து ஊர் வரைக்கும் வந்தேன். வருகிற நாளும் நேரமும் சரியாகச் சொல்லிவிட்டு நீ ஊருக்கு வந்தது அந்த ஒரு முறைதான். சொன்னவன் நான். மதகடியில் உன் அம்மா நின்றிருந்தார். நான் அந்த முகத்தைப் பார்க்கவில்லை. மூன்றாம் நாளே புனேக்கு ஓடிவிட்டேன். அதற்குப் பிறகு அவர் போன் செய்தால் வேலையில் இருக்கிறேன் என்று வைத்துவிடுவேன். உன்னோடு போனவன் நான் மட்டும் திரும்பி வந்து அவர் முன்னால் எப்படிடா நிற்பது?

இந்த டிசம்பரில் ஊருக்கே போக வேண்டாம் என்றுதான் இருந்தேன். என் அம்மா அழுததால் டிக்கெட் போட்டேன். மறுநாள் உன் அம்மா போன் செய்தார். "எப்போ வர?"

"புதன்கிழமை பெரிம்மா."

எனக்குச் செவ்வாய்க்கிழமைக்கே டிக்கெட் இருந்தது. அவர் சாப்பிட வேண்டும் என்று நீ சொன்ன பொய்யை, அவர் கண்ணில் படாமல் வீடு போய்ச் சேர நான் சொன்னேன். இதை உன்னிடம் மறைக்க முடியவில்லை.

செவ்வாய்க்கிழமை மதியம் மதகடியில் இறங்கினேன். பஸ் நகர்ந்தது. மதகுச் சுவரில், வெயிலுக்கு முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு உன் அம்மா உட்கார்ந்திருந்தார்.

"வந்துட்டியா? இன்னாடா இப்டி எளைச்சிட்ட?"

"நாளைக்குதான வரேன்னு சொன்னேன் பெரிம்மா?"

"அவனுந்தான் வருசா வருசம் நாளைக்குன்னு சொல்லுவான். எனக்குத் தெரியாதா? ரெண்டாம் வருசமே தெரிஞ்சிபூடுச்சி. நீங்க எறங்கறத மறைவா நின்னு பாத்துட்டு அப்டியே கேவுரு கொல்லையில குறுக்கால பூந்து ஊட்டுக்கு ஓடிடுவேன். மொறத்த எடுத்து வச்சினு ஒண்ணும் தெரியாத மாதிரி உக்காந்துக்குவேன்."

அந்த மூச்சு, அந்த வேர்வை, அந்த டானிக்.

"அவங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"நம்மள ஏமாத்திட்டோம்னு அவனுக்கு எவ்ளோ சந்தோசம்! அத ஏன் கெடுக்கணும்?" சிரிக்கத்தான் ஆரம்பித்தார். பிறகு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்து, பத்து மாதமாக அழாததையெல்லாம் அழுதேன்.

"சாப்டீங்களா?" என்று கேட்டேன்.

"நீ வராம எப்டிடா?"

இந்த முறை ஓடுவதற்கு அவசியமில்லை. இரண்டு பேரும் ரோட்டு வழியாகவே மெதுவாக நடந்தோம். உன் வீட்டில் சாப்பிட்டுவிட்டு ஸ்டார் கட்டினேன். ஏணியை அவர் பிடித்துக்கொண்டார்.

கிளம்பும் அன்று, "அடுத்த வருசம் சரியான நாளச் சொல்லிடறேன் பெரிம்மா, நிக்காதீங்க" என்றேன்.

"வேணாம். நாளைக்குன்னே சொல்லு. நான் பாத்துக்கறேன்."

அப்படியே சொல்லப்போகிறேன். அவர் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிட்டிருக்க மாட்டார் என்று தெரிந்தே வருவேன். பையில் ஆரஞ்சு இருக்கும். கோட்டை தெரிந்ததும் தலை வாரிக்கொள்வேன். மதகடியில் இறங்கியதும் நடையைக் கொஞ்சம் மெதுவாக்குவேன், அவர் கொல்லை வழியாக வீடு போய்ச் சேர நேரம் வேண்டுமல்லவா?