இருபது செட்

மறைமலைநகர்
4.2.2025

என் செல்லத் தங்கச்சி ஷாரோனுக்கு,

அண்ணன் நன்றாகத்தான் இருக்கிறேன், முதலில் முகத்தைச் சிரித்த மாதிரி வைத்துக்கொள். போன் செய்தால் இரண்டாவது நிமிஷமே அழ ஆரம்பிக்கிறாய். அதனால்தான் கம்பெனி பஸ் டிரைவர் தனகோடி அண்ணனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

பிரஸ் மெஷினில் குனிந்து நிமிர்ந்து இடுப்பு பேஜாராகிவிட்டது. வெள்ளிக்கிழமை பர்மனன்ட் லிஸ்ட் ஒட்டுகிறார்கள். இப்போது லீவு போட்டால் பேர் போய்விடும். தனகோடி அண்ணன் மெடிக்கலில் வாங்கி வரும் செட்தான், நாலைந்து வலி மாத்திரையைத் தாளில் மடித்துத் தருவார்களே, அதுதான் என்னை நிற்க வைக்கிறது. காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று, மூன்று வாரமாக. வயிறுதான் கொஞ்சம் எரிகிறது. கேன்டீன் குழம்பு அப்படி.

உன் அண்ணன்,
சாம்

திருப்போரூர்
6.2.2025

அன்பு அண்ணாத்தைக்கு,

நீ என்ன லூசா? மூன்று வாரமாக யாராவது செட் முழுங்குவார்களா? பஸ்ஸில் வருகிறவர்களுக்கென்று தனகோடி அண்ணன் தினமும் இருபது செட் வாங்குவது நான் வேலை பார்க்கும் மெடிக்கலில்தான். மடித்துக் கொடுப்பது நான். அதில் இரண்டு உன் வயிற்றுக்குப் போகிறது என்று எனக்குத் தெரியாமல் போச்சே!

அதில் இருக்கும் சிவப்பு மாத்திரை டைக்ளோஃபெனாக். தசை நொந்துபோன இடத்தில் உடம்பு ஒரு சரக்கைச் சுரக்கும். புரோஸ்டாகிளாண்டின் என்று பேர், டி.ஃபார்ம் பரீட்சையில் எழுதுவதற்குள் எனக்கு நாக்குத் தள்ளியது. வலியைக் கிளப்புவதும் வீங்க வைப்பதும் அதுதான். மாத்திரை அதைச் சுரக்க விடாது. ஆனால் வயிற்றை அமிலம் அரிக்காமல் காப்பதும், கிட்னிக்கு ரத்தம் குறையாமல் பார்த்துக்கொள்வதும் அதே சரக்குதான். வலி அடங்குகிறதே தவிர, உன் இடுப்பு சரியாகவில்லை.

இன்றே நிறுத்து. வெளிக்குப் போவது தார் மாதிரி கருப்பாக இருந்தால் உள்ளே ரத்தம் கசிகிறது என்று அர்த்தம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போ. என் மேல் ஆணை.

உன் தங்கச்சி,
ஷாரோன்

செங்கல்பட்டு ஆஸ்பத்திரி
10.2.2025

ஷாரோன் குட்டிக்கு,

நேற்று கட்டில் பக்கத்தில் நின்று அழுதாயே தவிர, வாயே திறக்கவில்லை. எனக்கும் பேச்சு வரவில்லை, எழுதுகிறேன்.

உன் கடிதம் வியாழக்கிழமையே வந்தது. லிஸ்ட் ஒட்டட்டும் என்று சட்டைப்பையில் வைத்துவிட்டு, வெள்ளிக்கிழமையும் இரண்டு போட்டேன். கருப்பாகப் போனதையும் பார்த்தேன். பீட்ரூட் பொரியல் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சனிக்கிழமை மெஷின் முன்னாலேயே ரத்த வாந்தி. வயிற்றில் புண்ணாம், இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். லிஸ்டில் பேர் வந்திருக்கிறதாம், சிரிப்புதான் வருகிறது.

ஒன்று சொல்லவேண்டும். அது உன் மடிப்பு என்று முதல் நாளே எனக்குத் தெரியும். காலண்டர் தாளை மூலை செருகி மடிப்பது நீ ஒருத்திதானே. 'நம்ம ஷாரோன் கை பட்டது, இன்னா ஆயிடப் போவுது' என்று நினைத்துத்தான் முழுங்கினேன். உன் மேல் எனக்குக் கோபமே இல்லை.

உன் அண்ணன்,
சாம்

திருப்போரூர்
14.2.2025

என் அண்ணாத்தைக்கு,

நீ திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். நம்பி முழுங்கினேன் என்கிறாய் பார், அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. எல்லாம் படித்துவிட்டு, முதலாளி சொன்னார் என்று மடித்துக்கொண்டிருந்தேன்.

இனி மடிக்க மாட்டேன் என்று அவரிடம் சொன்னேன். அவர் பக்கத்துப் பெண்ணை மடிக்கச் சொன்னார். தனகோடி அண்ணனும் வழக்கம்போல இருபது வாங்கிக்கொண்டு போனார்.

இன்று காலை மெடிக்கல் வாசலில் கம்பெனி பஸ் நின்றதும் நானே ஏறிவிட்டேன். சாமைப் படுக்க வைத்தது இந்த மாத்திரைதான், மடித்தது நான்தான் என்று சொன்னேன்.

"செட்டு போட்டுகினு வயிறு எரியறவங்க கைய தூக்குங்க" என்றேன்.

பதினோரு கை. கடைசியில், திரும்பிப் பார்க்காமலே, டிரைவர் சீட்டில் இருந்து தனகோடி அண்ணனும் கையைத் தூக்கினார்.

உன்
ஷாரோன்