இனிஷியல் காலி

இன்று காலை உன் மேல் ஒரு பழி போட்டேன். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். நீ மறுக்கப் போவதில்லை என்ற தைரியம்தான்.

மெயின்லேண்டிலிருந்து நம் தீவுக்கு வந்திருந்த அதிகாரிகளுக்கு என் ப்ரோக்ராமை ஓட்டிக் காட்டினேன். பொத்தானை அமுக்கியதும் படுத்துவிட்டது. திரையில் அந்தப் பழைய செய்தி: ரெஃபரன்ஸ் இனிஷியலாக இருக்கிறது. கொஞ்சமும் யோசிக்காமல், "இது காலமான என் சகா எழுதிய பகுதி" என்று தலையைத் தாழ்த்திக்கொண்டேன். அவர்களும் தாழ்த்திக்கொண்டார்கள். ஒருவர் மெல்ல என் தோளைத் தட்டினார். அந்தப் பகுதியைப் போன வாரம் எழுதியது நான். நீ போய் ஒரு மழைக்காலமே முடிந்துவிட்டது. பக்கத்து நாற்காலியில் இருந்த காலமெல்லாம் செய்யாத உதவியை இல்லாமல் போய்ச் செய்திருக்கிறாய்.

அந்த நாற்காலியை எதிர் மேஜை வங்காளி மண்டல் தா எடுத்துக்கொண்டார். அவருடைய முதுகுவலி போய்விட்டதாம். உன்னால் ஓர் உயிர் நிம்மதி அடைந்தது என்று உன் மனைவியிடம் சொல்லலாமா என்று பார்த்தேன். வேறு அர்த்தத்தில் எடுத்துக்கொள்வாரோ என்று விட்டுவிட்டேன்.

இனிஷியல் சமாச்சாரம் உனக்குத் தெரியும். எட்டிப் பார்த்து இதைப் படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். நாம் சோறு தின்ற மொழி அபாப். கம்பெனிகளின் சரக்கு, சம்பளம், கப்பல் டிக்கெட் எல்லாம் ஓடுகிற கணினி மொழி. அதில் சில பெயர்கள் பொருளையே வைத்திருக்கும். சில பெயர்கள் பொருளைச் சுட்டிக்காட்டும், அவ்வளவுதான். சுட்டிக்காட்டும் பெயருக்கு 'டைப் ரெஃப் டு' என்று எழுதி, எந்த வகையைக் காட்டலாம் என்று முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். அறிவித்தால் பெயர்தான் பிறக்கும், பொருள் பிறக்காது. பொருளைத் தனியாக உருவாக்க வேண்டும். அதுவரை அந்தப் பெயர் வெறும் காலி. அந்தக் காலித்தனத்துக்கு அபாப் வைத்த பெயர்தான் இனிஷியல். வைத்தவன் தமிழன் இல்லை. நமக்கு இனிஷியல் என்றால் அப்பா அல்லவா.

நான் 'எழுத்தாளர்' என்று கார்டு அடித்துக்கொண்டு வந்த அன்று, அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். "டிக்ளேர் பண்ணிட்ட. ஆப்ஜெக்ட் எங்கடா?" என்றாய். கார்டுகள் இன்னும் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. ஆப்ஜெக்டைத்தான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

என்னோடு நிறுத்தியிருக்கலாம் நீ. உன்னிடம் பயிற்சிக்குத் தேவகி வந்தாள்.

கச்சால் தீவுப் பெண். அம்மா அங்கே ரப்பர் தோட்டத்தில் வேலை. அப்பா யார் என்று அம்மா சொன்னதில்லை, சான்றிதழிலும் வெறும் தேவகி. பயிற்சிக் காலம் முடியும்போது நீ நாலு நல்ல வார்த்தை எழுதினால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் திரும்பக் கப்பல். நீ எழுதுவாய் என்று நம்பி, அம்மாவை அழைத்து வர இங்கே டெய்ரி ஃபார்ம் பகுதியில் ஓர் அறைகூடப் பேசி வைத்திருந்தாள்.

அன்றைக்கு எல்லோர் முன்னாலும் அவள் ப்ரோக்ராம் நின்றது. அறிவித்திருந்தாள், உருவாக்க மறந்திருந்தாள். நீ திரையைப் பார்த்தாய், அவளைப் பார்த்தாய். "தேவகிக்கு இனிஷியல் இல்ல. அவ வேரியபிள் மட்டும் எப்பப் பாரு இனிஷியல்."

நான் சிரித்தேன். என்ன செய்வது, நல்ல ஜோக். ஆனால் அந்த அறையில் தமிழ் தெரிந்தவர்கள் நாம் மூவர்தான். மண்டல் தா "மத்லப் க்யா?" என்று அர்த்தம் கேட்டார். ராவ், தெலுங்கில் இனிஷியல் வீட்டுப் பெயராக்கும் என்று தகராறு பண்ணினார். ஜோக் வீணாகிறதே என்று உனக்குப் பொறுக்கவில்லை. இந்தியில் பொறுமையாக விளக்கினாய். தமிழில் இனிஷியல் என்றால் தகப்பன், இவளுக்குத் தகப்பன் யாரென்று தெரியாது என்று. சிலேடை தமிழிலேயே தங்கிவிட்டது. இந்திக்கு வந்து சேர்ந்தது வசவு மட்டும்தான். யாரும் சிரிக்கவில்லை. மண்டல் தா கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

தேவகி அழவில்லை. உன் ப்ரோக்ராமைத் திறந்து வைத்துக்கொண்டு சாதாரணமாகச் சொன்னாள்:

"சார், என்னோடது காலி. அதான் நிக்குது. உங்களோடது வேற ஆளைக் காட்டிக்கிட்டே இத்தன நாளா ஓடிக்கிட்டு இருக்கு."

உன் முகத்தில் ரத்தமே இல்லை.

ஏன் என்று எனக்குத் தெரியும்; அந்தக் கதை அறையில் எல்லோருக்குமே தெரியும். நீ பெயருக்கு முன்னால் போட்டுக்கொள்ளும் அந்த ஓர் எழுத்து, நீ பிறப்பதற்கு வெகு முன்பே மெயின்லேண்டுக்குப் போய்த் திரும்பாத மனிதருடையது என்றும், உன் மூக்கு மட்டும் ஃபெரி ஓட்டிய சேராங்கின் மூக்கு என்றும் உன் ஊர் பாம்பூஃப்ளாட் முழுக்கப் பேச்சு. ஆபீசில் நான் யாரிடமும் பரப்பவில்லை. கேட்டவர்களுக்குச் சொன்னேன். கேட்கத் தோன்றாதவர்களுக்குக் கொஞ்சம் நினைவூட்டினேன். தேவகியிடம் மட்டும் சத்தியமாகச் சொன்னதில்லை. அவள் பாம்பூஃப்ளாட்டுக்குப் போன இடத்தில் எவனோ ஓதிவிட்டான் என்று நீ பல்லைக் கடித்தாய். இருக்கும் என்றேன் நானும்.

அவளைப் பற்றி நீ எழுதியது ஒரே வரி: 'பொருத்தமில்லை.' எழுதிவிட்டு என்னோடு டீ குடிக்க வந்தாய். கூட ஒரு சமோசாவும் கேட்டாய். டெய்ரி ஃபார்ம் அறைக்கு வேறு யாரோ குடி வந்தார்கள். அம்மா கச்சாலிலேயே கண்ணை மூடினாள், மகள் போய்ச் சேர்வதற்குள். தேவகி இப்போது புரோத்ராபூரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறாள். சுட்டிக்காட்டும் வேலையே வேண்டாம், எல்லாம் நகல்.

எனக்கு மட்டும் அந்தப் பதில் பெரிய சொத்தாயிற்று. கல்யாண வீடு, கப்பல் க்யூ, பல் டாக்டர் வாசல் என்று எங்கே வாய் திறந்தாலும் அதைச் சொல்வேன். நீ ஜோக்கை விளக்குகிற இடத்தில் நிறுத்தி, தேவகியின் குரலில் மெதுவாக முடிப்பேன். கைதட்டியவர்கள் உண்டு. எழுத்தாளர் என்று என்னை நாலு பேர் ஒத்துக்கொண்டதே அதனால்தான். உன் காதுக்கும் வந்திருக்கும். கடைசி வருஷங்களில் நீ என்னோடு டீக்கு வராமல் போனது சர்க்கரை வியாதியால் என்றுதான் வெளியில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

உன் காரியத்துக்கு அவள் வந்திருந்தாள். உன் படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள். மூக்கைத்தான் பார்க்கிறாள் என்று எனக்குள் குதூகலம். பிறகு என்னிடம் வந்தாள்.

"அண்ணா, ஒண்ணு கேக்கணும். சாருக்கு எம்மேல எதுக்கு அவ்ளோ கோவம்?"

எந்தக் கோபம் என்றேன்.

"அன்னிக்கு அவர் கப்பல் டிக்கெட் ப்ரோக்ராமுல, தீவுக்காரங்களுக்குன்னு ஐலண்டர்னு பேரு வச்சிருந்த ரெஃபரன்ஸு மெயின்லேண்ட் பயணியக் காட்டிக்கிட்டு இருந்துச்சு. நிக்காம ஓடுதே, தப்பா ஓடுதேன்னு சொன்னேன். அதுக்குப் போயி யாராச்சும் வேலைய விட்டு எடுப்பாங்களா?"

சர்க்கரை வியாதிக்காரர்களுக்கு முன்கோபம் வரும் என்றேன். நம்பிவிட்டாள், பாவம். "அப்பவே சுகர் இருந்துச்சா?" என்று உனக்காக வருத்தப்பட்டாள்.

உன் பழைய ப்ரோக்ராமை எடுத்துப் பார்த்தேன். அவள் சொன்னது சரி. இன்னும் அப்படியே ஓடுகிறது, நானும் திருத்தவில்லை. அவளுடைய அந்த வாக்கியத்தை இன்னமும் தூக்கிக்கொண்டுதான் திரிகிறேன். அது யாரைக் காட்டுகிறது என்பது மட்டும் தெரியவில்லை. நேற்றுகூட ஓர் இடத்தில் சொன்னேன், பழைய மாதிரியே. கைதட்டினார்கள்.

அன்று உன் வீட்டிலிருந்து கிளம்பும்போது, அக்கரையில் சாத்தம் போக ஃபெரி எங்கே ஏற வேண்டும் என்று கேட்டாள். பாம்பூஃப்ளாட்டுக்கு அவள் வருவது அதுதான் முதல் தடவையாம்.