டேனியலுக்குப் போட்ட பதில்

அன்பின் அகீலாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

நீயும் உம்மாவும் சுகம்தானே? அல்லாஹ்வின் கிருபையால் கட்டாரில் நானும் சுகம். என் போன் கோலை நீ ஒழுங்காக எடுப்பதில்லை. அதனால் லீவில் வரும் பளீல் நானாவின் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

திகன வீட்டில் இருந்துகொண்டே வெளிநாட்டுக் கடைகளுக்கு லோகோ வரைந்து பேர் எடுத்துவிட்டாய், சந்தோஷம். உடனுக்குடன் பதில் போடுவதால்தான் எல்லாரும் உனக்கு ஐந்து நட்சத்திரம் போடுகிறார்களாம். எனக்கு மட்டும், "கிளையன்ட் லைன்ல இருக்காங்க, பொறகு பேசுறேன்."

போன வாரம் டேனியல் என்று ஒருவன் கேக் கடைக்கு லோகோ கேட்டானே, அவனுக்கு அந்த நிமிடமே பதில் போட்டாய். இன்றைய நாள் எப்படிப் போகிறது என்று விசாரித்தாய். கடைசியில் சிரித்த முகப் பொம்மை வேறு! என்னிடம் அப்படிக் கேட்டு எவ்வளவு காலம்? எனக்கு அன்று சோறே இறங்கவில்லை. இதெல்லாம் எப்படித் தெரியும் என்று யோசிக்கிறாயா?

பளீல் நானா திரும்பும்போது மாசிச் சம்பல் கொடுத்துவிடு. உம்மாவிடம் விடாமல் நீயே செய்.

வேலைக்கு ஏற்றிப்போகும் வேன் வந்துவிட்டது. டேனியலின் லோகோவை வரையாதே. அவனுக்குக் கேக் கடை எதுவும் இல்லை. திகனவில் ஒரு மனைவிதான் இருக்கிறாள்.

ருஷ்தி