நீங்கள் காணாத முதுகு

பாதர்,

லண்டன் மோர்டனில் என் குசினி மேசையில் நேற்றிலிருந்து இரண்டு தாள்கள் கிடக்கின்றன. ஒன்று, அம்மா பைபிளுக்குள் வைத்திருந்த கார்பன் பிரதி. மடிப்புகளில் கிழிந்து, எழுத்துகள் நீலமாகக் கலங்கிவிட்டன. மற்றது, நீங்கள் எனக்காக லண்டனுக்கு அனுப்பிய கடிதம். இரண்டிலும் உங்கள் கையெழுத்து. இரண்டையும் எழுதியவர் ஒரே மனிதர்தானா என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.

றெஜினாக்கா கேட்டிருக்காவிட்டால் இவற்றை எடுத்திருக்க மாட்டேன். நீங்கள் காலமான முப்பத்தோராம் நாளுக்கு இங்குள்ள மன்னார்ச் சனங்கள் நினைவு மலர் அடிக்கிறார்கள். கட்டுரை சேர்ப்பது அவர்தான்.

“ஒரு பக்கம் போதும் தம்பி. தான் காணாத ஒண்டையும் பாதர் எழுதினதில்லை எண்டு எல்லாரும் எழுதியிருக்கினம். நீரும் அதை எழுதுமன்.”

“எனக்கு நேரமில்லை அக்கா.”

“உமக்கு எப்ப நேரமிருந்தது? உம்மட கோவத்துக்குப் பென்சன் குடுக்கிற வயசாச்சு. நீர் இன்னும் அதை வேலைக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறீர்.”

பிறகு குரல் தணிந்து, “பாதர் எழுதிக் குடுத்த பேப்பருகளைப் பிடிச்சுக்கொண்டுதான் தாய்மார் இண்டைக்கும் பிள்ளையளைக் கேட்டு நிக்கினம், தெரியும்தானே” என்றார்.

தெரியும். அப்படி நின்ற ஒரு தாய்தான் என் அம்மா.

எங்கள் ஊரில் ஆமி வண்டியில் கண்ணிவெடி வெடித்த அன்று பின்னேரம் அண்ணை காய்ச்சலோடு வீட்டில் கிடந்தான். கஞ்சி கொடுத்தவன் நான். ஆனால் வெடி வைத்தவன் அவன் என்று ஆமி பிடித்துக்கொண்டு போனது. எங்கள் சொல்லுக்கு அந்த முகாமில் மதிப்பில்லை, உங்கள் சொல்லுக்குக் கொஞ்சம் இருந்தது. அம்மா, கோயிலடியில் நீங்கள் இருந்த அறைவீட்டு விறாந்தையில் நின்று கெஞ்சினார்.

“அண்டைக்குப் பின்னேரம் நீங்கள் வந்து அவனுக்காகச் செபிச்சனீங்கள் எண்டு ஒரு வரி போடுங்கோ சுவாமி.”

“நான் வரேல்லையே அம்மா.”

“அவன் வீட்டிலதானே கிடந்தவன்! அது உண்மைதானே?”

“உண்மை. ஆனால் நான் காணேல்லை. காணாத ஒண்டைக் கண்டதெண்டு எழுதினால், கண்டதெல்லாத்தையும் பொய்யெண்டுவாங்கள்.”

உங்கள் தட்டச்சுப் பொறிக்குப் பக்கத்தில் மற்றத் தாய்மாரின் வாக்குமூலங்கள் அடுக்கியிருந்தன. நீங்கள் தட்டினீர்கள்: ‘அன்று மாலை மகன் காய்ச்சலுடன் வீட்டில் இருந்ததாகத் தாயார் கூறுகிறார்.’ தாயார் கூறுகிறார். அந்த இரண்டு சொற்களை நான் உங்களுக்கு மன்னிக்கவே இல்லை. அந்தத் தாளோடு நீங்களே சைக்கிளில் போய், முகாம் வாசலில் பொழுதுபடும்வரை வெயிலில் நின்றதை நான் யாருக்கும் சொல்வதும் இல்லை.

அண்ணை வரவில்லை.

அடுத்த வருடம் என்னைப் பிடித்தார்கள். மூன்று நாள் அடித்துவிட்டு வெளியே விட்டார்கள். அப்போது நீங்கள் கொழும்பில், யாருடைய பிள்ளைகளுக்காகவோ அரசாங்கக் கந்தோர் கந்தோராக ஏறிக்கொண்டிருந்தீர்கள். நீங்கள் திரும்புவதற்குள் என் முதுகு ஆறிவிட்டது. காயங்களைக் கண்டது அம்மா மட்டும்.

லண்டனுக்கு வந்து அகதி வழக்கு நடந்தபோது, தெரிந்ததை எழுதி அனுப்புங்கள் என்று மட்டுமே கேட்டேன். நீங்கள் எழுதினீர்கள்: ‘விடுதலையான அன்று இவருடைய முதுகில் இருந்த காயங்களை என் கண்ணால் கண்டேன்.’ நீதிபதி அந்த வரியை இரண்டு தரம் வாசித்தார். நான் இந்த நாட்டில் இருக்கிறேன்.

ஞாபகம் பிசகியதா? தெரிந்துதான் எழுதினீர்களா? தெரிந்து எழுதியிருந்தால், கெஞ்சிய அம்மாவுக்குக் கொடுக்காததைக் கேட்காத எனக்கு ஏன் தந்தீர்கள்? அண்ணைக்குப் பிறகு மனம் மாறினீர்களா? அப்படியென்றால் அவன் எதற்குச் செத்தான்? அந்த ஒரு வரி இருந்திருந்தாலும் அவனை விட்டிருப்பார்களோ தெரியாது. அதையும் உங்கள் தலையில்தான் போட்டு வைத்திருக்கிறேன்.

நீங்கள் லண்டனுக்கு வந்து பூசை வைத்த ஞாயிறு, இதையெல்லாம் கேட்பதற்கென்றே கோயிலின் கடைசி வாங்கில் இருந்தேன். பூசை முடிந்ததும் நீங்களே தேடி வந்தீர்கள். சனம் சுற்றி நின்றது. என் கையைப் பிடித்துக்கொண்டு, “முதுகு எப்பிடியடா?” என்றீர்கள்.

“ஆறிட்டுது பாதர்.”

தலையை ஆட்டினீர்கள். கையை விடவில்லை. நான்தான் இழுத்துக்கொண்டேன். ஒப்புக்கொண்டீர்களா, அல்லது கண்டதாகவே நம்பிவிட்டீர்களா? உங்கள் கண்ணைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பார்க்கவில்லை.

கவுன்சிலில் என் வேலை, வீடு கேட்பவர்களின் கடிதங்களைச் சரிபார்ப்பது. ஒரு வரி பிழைத்தாலும் முழுக் கோப்பையும் திருப்பி அனுப்புகிறவன் நான். நேற்று எல்லாவற்றையும் ஒரு பக்கத்தில் எழுதினேன், நீங்கள் லண்டனுக்கு அனுப்பிய கடிதத்தின் கதையையும் சேர்த்து. இன்று காலை, அனுப்புவதற்கு முன், அதை எங்கள் அலுவலகக் கண்ணோடு வாசித்தேன். நீங்கள் காணாமல் எழுதிய அந்த ஒரு வரிக்காக மற்றத் தாய்மாரின் தாள்கள் எல்லாவற்றையும் திருப்பி அனுப்ப என்னைப்போல் ஒருவன் எங்கேயோ இருப்பான். நீங்கள் அம்மாவுக்குச் சொன்னது அதுதான். அந்த நியாயத்தை எனக்கு விளங்க வைக்க இவ்வளவு காலம் எடுத்திருக்கிறீர்கள். விளங்கியும் கோபம் போகவில்லை.

பக்கத்தை அழித்துவிட்டு இரண்டு வரி அனுப்பினேன்: ‘என் அண்ணையைக் கொண்டுபோனதைப் பாதர் எழுதினார். அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை.’

உடனே றெஜினாக்கா போனில் கூப்பிட்டார். “இவ்வளவுதானோ தம்பி? உமக்கும் பாதர் கடிதம் தந்தவரெல்லோ?”

“ஓம் அக்கா.”

“அப்ப, உம்மட காயத்தையும் அவர் கண்டவரோ?”

இரண்டு தாள்களையும் ஒரே உறைக்குள் வைத்துக்கொண்டிருந்தேன்.

“ஓம்,” என்றேன். “கண்டவர்.”