கண்ணில் பாசிர்

6 மார்ச் 2025, வியாழன்

பெதானியின் பாலர் பள்ளித் தமிழ் டீச்சர் இன்று என்னை வாசலிலேயே நிறுத்தினார். கையில் ஒரு படம். ‘என் அம்மா’ என்று வரையச் சொன்னார்களாம். என் மகள் எனக்குப் பெரிய கண்கள் போட்டு, இரண்டிலிருந்தும் தாடை வரை நீலக் கோடு இழுத்து வைத்திருக்கிறாள். வாயில் மட்டும் சிரிப்பு.

“வீட்ல எல்லாம் ஓக்கே தானே?” டீச்சர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“எனக்குக் கண்ணுல சும்மா தண்ணி வரும் டீச்சர். அழுகை இல்ல” என்றேன். சொல்லும்போதே வந்து தொலைந்தது. அவர் டிஷ்யூவை நீட்டினார். நம்பவில்லை.

ஐந்து வயதுப் பிள்ளை வேறு எப்படி வரைவாள்? பஸ்ஸில், கணினிக்கு முன்னால், சமைக்கும்போது – அவள் பார்க்கிற அம்மா இப்படித்தான் ஒழுகிக்கொண்டிருக்கிறாள்.

9 மார்ச், ஞாயிறு

தமிழ்ப் பூசை முடிந்து சிராங்கூன் சாலையில் தேநீர் குடிக்கப் போனோம். நானும் கணவர் ஆர்னால்டும் பெதானியும், கூடவே அவருடைய அக்கா ஜோனா மதினி. மதினி ஜெபக்குழுவின் தலைவி. எதையும் ஜெபத்தில் தொடங்கித் தீர்ப்பில் முடிப்பார். பள்ளிக்கூடப் படத்தின் கதையை ஆர்னால்ட் ஏற்கெனவே சொல்லியிருக்கிறார் என்பது பார்வையிலேயே தெரிந்தது.

“டேய், நீ இவள என்ன பண்ற?”

“நான் ஒண்ணும் பண்ணலக்கா. அவளுக்குக் கண்ணு டிரை ஆகுதாம்.”

“டிரைன்னா காஞ்சு போறது. காஞ்ச கண்ணுல எப்படிடா தண்ணி வரும்?”

கூகுளில் படித்ததைத்தான் ஆர்னால்டிடம் சொல்லியிருந்தேன். படித்தது எனக்கே சரியாகப் புரியவில்லை.

மதினி என் கையைப் பிடித்துக்கொண்டார். “மனசுல பாரம் இருந்தா சொல்லும்மா. என்ன மாதிரியே சுகர் வேற வச்சிருக்க. ஈஸ்டர் முடிஞ்சதும் பெதானி கொஞ்ச நாள் எங்க வீட்ல இருக்கட்டும். திங்கள்லேர்ந்து வெள்ளி வரைக்கும். நீ நல்லா அழுது தீத்துடு.”

அழுது தீர்க்க வேண்டுமாம்!

பேச்சின் நடுவே மதினி தம் கண்ணைக் கசக்கிக்கொண்டே இருந்தார். என்னாச்சு என்று பெதானி கேட்டாள். “பாசிர் ரிஸ்ல குடியிருந்தா கண்ணுல பாசிர் விழாம என்ன விழும்?” மதினியின் பழைய ஜோக். மலாயில் பாசிர் என்றால் மணல். கடற்கரைக் காற்று மணலை வாரி எட்டாவது மாடி வரை கொண்டுவருகிறதாம். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

10 மார்ச்

பெதானியை அனுப்ப மாட்டேன்.

14 மார்ச், வெள்ளி

கண் மருத்துவரிடம் போனேன். இளம்பெண், மதுரா என்று சட்டையில் பெயர். தமிழில் பேசினார். எனக்கு அதுவே பாதி மருந்து.

பெதானி வயிற்றில் இருந்தபோது வந்த சர்க்கரை. பிள்ளை பிறந்ததும் போய்விடும் என்றார்கள், போகவில்லை. வருஷா வருஷம் விழித்திரையைப் படம் எடுக்கிறார்கள், நல்லா இருக்கு என்று அனுப்பிவிடுகிறார்கள். நல்லா இருக்கிற கண் ஏன் எரிகிறது என்று யாரும் கேட்டதில்லை.

மதுரா கேட்டார். “எப்படி இருக்கும்? எரியுமா, உறுத்துமா?”

“மணல் விழுந்த மாதிரி.”

சொன்ன பிறகு ஏதோ தட்டியது. என்னவென்று பிடிபடவில்லை.

கண் மரத்துப்போக ஒரு சொட்டு விட்டு, கீழ் இமையில் சின்னக் காகிதப் பட்டையை மாட்டினார். காகிதம் எவ்வளவு தூரம் நனைகிறது என்று பார்ப்பார்களாம். நாள் முழுக்க ஒழுகுகிற என் கண், காகிதத்தின் நுனியைத்தான் நனைத்தது.

“அப்ப வெளியே கொட்டுற தண்ணி?” என்றேன்.

“அது ரோட்டுல பைப் உடைஞ்சு ஓடுற தண்ணி அக்கா. ஓடும், செடிக்கு உதவாது. கண்ணு காயுது, எரியுது. உடனே மூளை அவசரத்துல தண்ணியத் திறந்து விடுது. அதுல எண்ணெய்ப் பசை போதாது, நிக்காம வழிஞ்சிடும். சர்க்கரை இருக்கிறவங்க நிறைய பேருக்கு இப்படி. கண்ணீர் சுரப்பியும் மந்தமாகும், கண்ணோட உணர்ச்சியும் மந்தமாகும். சில பேருக்குக் காயுறதே தெரியாது, தூசின்னு நினைச்சுட்டு இருப்பாங்க.”

காஞ்ச கண்ணில் எப்படித் தண்ணி வரும்? இப்படித்தான் வரும் மதினி!

இதனால் என்னென்ன முடியாமல் போகிறது என்று ஒரு படிவத்தைப் பார்த்துக் கேட்டார். படிக்க, டிவி பார்க்க, வெளியே போக? நான் கொட்டிவிட்டேன். பிள்ளைக்குக் கதைப் புத்தகம் இரண்டு பக்கத்துக்கு மேல் படிக்க முடியவில்லை. ஏர்கான் இல்லாத இடம் இந்தச் சிங்கப்பூரில் எங்கே இருக்கிறது? ஆபீஸ் மீட்டிங்கில் மேனேஜர் என்னைப் பார்க்கப் பயப்படுகிறார், ஏதோ திட்டிவிட்டதாக நினைத்துக்கொண்டு. எல்லோரும் என்னிடம் மெதுவாகப் பேசுகிறார்கள். இதையெல்லாம் எதில் சேர்ப்பீர்கள் டாக்டர்?

“வாழ்க்கையிலதான்” என்றார்.

வெந்நீரில் நனைத்த துணியை இமைமேல் வைக்க வேண்டும். கண் சிமிட்ட மறக்கக் கூடாது. சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்க வேண்டும். பிறகு கண்ணில் விட ஒரு மருந்து. அதன் பெயர் செயற்கைக் கண்ணீர். நாளெல்லாம் அழுகிறாள் என்று ஊர் சொல்லும் எனக்குக் கண்ணீரைக் கடையில் வாங்கித் தருகிறார்கள்.

23 மார்ச், ஞாயிறு

பாசிர் ரிஸ்ஸில் ஒரு பாலர் பள்ளியில் இடம் இருக்கிறதா என்று ஆர்னால்ட் விசாரித்திருக்கிறார். எனக்குத் தெரியாமல். மதினி வாய்தவறிச் சொன்னார்.

“ஒரு டெர்ம்தான் ஜெனி. உன் நல்லதுக்குத்தான் லா.”

“டாக்டர் சொன்னதச் சொன்னேன்ல?”

“சொன்ன. அக்கா கேக்குறாங்க, கண்ணுல மட்டும்தான் பிரச்சனையா, மனசுலயுமான்னு.”

“நீங்க என்ன நினைக்கிறீங்க? அக்கா சொல்றத விடுங்க.”

அவர் ரிமோட்டைத் தேடினார்.

எனக்குக் கோபம் வந்தா வாய்தான் திறக்கும், கண்ணு இல்ல. இத்தனை வருஷம் குடும்பம் நடத்தின ஆளுக்கு அது தெரியாதா? எம்புள்ளய ஒரு காகிதம் நனையாததுக்கு அடுத்த வீட்டுல விடணுமா? ஒரே எம்ஆர்டி ஸ்டேஷன் தூரம்தானாம். ஒரு ஸ்டேஷனா இருந்தா என்ன, பக்கத்துக் கதவா இருந்தா என்ன, அவ எழுந்திருக்கும்போது நான் இங்க இருப்பேன்ல. விட மாட்டேன். கோர்ட்டுக்குப் போற பொம்பள மாதிரி எழுதுறேன் பாரு.

துணி ஆறிவிட்டது. மறுபடி சூடு பண்ண வேண்டும்.

6 ஏப்ரல், ஞாயிறு

மருந்து கொஞ்சம் வேலை செய்கிறது. கதைப் புத்தகத்தில் ஐந்து பக்கம்.

இன்னொரு சண்டை. பெரிய வெள்ளியன்று கோயிலில் இயேசுவின் பாடுகளை வாசிப்பவர் பட்டியலில் என் பெயர் இருந்தது. ஒவ்வொரு வருஷமும் இருக்கும். இன்று பார்த்தால் இல்லை. வாசகர்களைக் கவனிக்கும் அருளானந்தம் அங்கிளிடம் நேரே போய்க் கேட்டேன்.

“உங்க மதினிதான் சொன்னாங்கம்மா. நீ இப்ப ரொம்ப எமோஷனலா இருக்கியாம். நடுவுல அழுதுட்டா?”

“துடைச்சுட்டுப் படிப்பேன் அங்கிள். நீங்க இருமினா என்ன பண்ணுவீங்க?”

“இருமிட்டுப் படிப்பேன்.”

“இதுவும் அதேதான்.”

அவர் பேனாவை எடுத்து என் பெயரை மறுபடி எழுதினார். “வாசகப் பீடத்துக்கு மேலயே ஏர்கான் இருக்கு தெரியும்ல?”

தெரியும்.

18 ஏப்ரல், பெரிய வெள்ளி

படித்துவிட்டேன்.

இயேசு தோட்டத்தில் கைதாகும் வரை பிழைத்தேன். பேதுரு மறுதலிக்கும் இடத்தில் குளிர்காற்று நேராகக் கண்ணில் இறங்கியது. எழுத்து மங்கியது. சிமிட்டினேன். கொட்டியது. துடைக்கவில்லை, கையை எடுத்தால் வரி தவறிவிடும். அப்படியே கன்னத்தில் ஓடவிட்டுக் கடைசி வரை படித்தேன். குரல் நடுங்கவில்லை. நான் அழவில்லை என்பதற்கு என் குரலைவிட வேறு சாட்சி என்ன வேண்டும்?

ஆனால் கோயிலே அழுதது. முன்வரிசைப் பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். முடிந்ததும் வாசலில் கூட்டம். “எவ்வளவு பக்தி! உன்னப் பாத்துதான் எனக்கு அழுக வந்துச்சு” என்று ஒரு ஆன்ட்டி என் கன்னத்தைத் தொட்டார். மதினியும் சிவந்த கண்ணோடு நின்றார். “இதான் ஜெனி. இப்படி ஆண்டவர்கிட்ட அழு. வீட்ல அழாத.”

தலையாட்டிவிட்டு வந்திருக்கலாம். பரிசுத்தப் பெண் என்று பெயராவது மிஞ்சியிருக்கும்.

“அது பக்தி இல்ல மதினி. ஏர்கான்.”

யாரோ சிரித்தார்கள். ஆர்னால்ட் தரையைப் பார்த்தார். நான் எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன்: “டெக்கா மார்க்கெட்ல மீன் வாங்கும்போது வர்ற தண்ணியும் இதான், பெரிய வெள்ளிக்கு வர்ற தண்ணியும் இதான். அங்க வந்தா பாவம், இங்க வந்தா பக்தியா? என் கண்ணு காஞ்சிருக்கு. சர்க்கரை பண்ற வேலை. காலையில எழுந்தா இமை ஒட்டிக்கும். நாள் பூரா மணல் விழுந்த மாதிரி உறுத்தும். அவ்வளவுதான். மனசு நல்லாத்தான் இருக்கு. என் பிள்ளை என்கூடத்தான் இருப்பா.”

கண்ணைக் கசக்கப் போன மதினியின் கை பாதியில் நின்றது.

“மணல் விழுந்த மாதிரின்னா… எப்படி?”

அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது. பாசிர்! எத்தனை வருஷ ஜோக். என்னைவிட நாளான சர்க்கரை அவருக்கு. எட்டாவது மாடிக்கு எந்தக் காற்று மணலைத் தூக்கிக்கொண்டு வரும்?

“காலையில இமை ஒட்டிக்குமா மதினி?”

மதினி இமையோரத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். ஒட்டும் என்று தெரிந்துகொண்டேன்.

19 ஏப்ரல்

ஆர்னால்ட் பாசிர் ரிஸ் பள்ளிக்கு என் முன்னாலேயே போன் போட்டு இடம் வேண்டாம் என்றார். நான் நன்றி சொல்லவில்லை. மன்னிப்புக் கேட்க வேண்டியவர் அவர்தான்.

3 மே, சனி

போன வாரம் மதினியை மதுராவிடம் கூட்டிப்போனேன். போகும் வழியெல்லாம் “எனக்கு ஒண்ணும் இல்ல, வெறும் மணல்தான்” என்றார். காகிதப் பட்டை அவர் கண்ணில் துளிகூட நனையவில்லை. “கண்ணு மரத்துப்போகுது ஆன்ட்டி. இன்னும் விட்டா புண்ணாயிடும்” என்று மதுரா சொன்னதும் மதினி என் கையைப் பிடித்தார். இந்த முறை ஆறுதல் சொல்வதற்கு இல்லை.

மருந்து தந்தார்கள். மதினிக்குத் தானே விட்டுக்கொள்ள வரவில்லை. சொட்டெல்லாம் நெற்றியில் விழுகிறது. மகன்களிடம் கேட்கக் கூச்சமாம். அதனால் சாயங்காலமானால் பாசிர் ரிஸ்ஸிலிருந்து ரயிலேறி தெம்பனிஸில் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுகிறார்.

இன்று நான் மருந்து விட்டதும் அவர் கண் கலங்கித் தண்ணீர் கன்னத்தில் வழிந்தது. அதே நேரம் எதிர்வீட்டு மலாய் அக்கா ஏதோ கொடுக்க வந்து, கதவருகே தயங்கி நின்றார். மதினி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பெதானி டிஷ்யூ பெட்டியோடு சோபாவில் ஏறினாள்.

“அத்தை அழல ஆன்ட்டி. கண்ணு காஞ்சிருக்கு” என்றாள், ஆங்கிலத்தில், டாக்டர் மாதிரி. பிறகு மதினியின் தாடையைப் பிடித்து நிமிர்த்தினாள். “அத்தை, ஆடாதீங்க லா. இன்னொரு கண்ணு இருக்கு.”