கடைசி வரிசை உறங்குபவர்களுக்கு

மார்ச் 4

நாளை ஊடகக் கலை விழா தொடங்குகிறது. எனக்குக் கிடைத்திருப்பது மாநாட்டு அரங்கத்தை ஒட்டிய சின்ன அறை. நடுவில் ஒரு கட்டில், எதிரே வெள்ளைச் சுவர். படுத்து நிஜமாகவே தூங்கினால், தலையணைக்குள் இருக்கும் சென்சார் அந்த மூச்சைச் சுவரில் நீல அலையாக ஓடவிடும். விழித்திருப்பவரின் மூச்சுக்குச் சுவர் அசையாது. இரண்டு வருட உழைப்பு. சோதனைக்குப் படுத்தது முழுக்க என் கணவர்தான், படுத்தால் கட்டை. “தூங்கித் தூங்கியே பொண்டாட்டியக் கலைஞராக்கின ஒரே ஆளு நான்தான்” என்று பெருமை வேறு.

மார்ச் 5

யாரும் தூங்கவில்லை.

படுக்கிறார்கள், கூட வந்தவர் படம் எடுக்கிறார், எழுந்து போய்விடுகிறார்கள். ஒருவர் என் சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு போன் பேசினார். கடைசியில் என் கணவரையே படுக்கவைத்தேன். இத்தனை பேர் பார்க்கும்போது தூக்கம் வரவில்லையாம். வீட்டில் இடி விழுந்தாலும் எழாத மனுஷன். ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

மார்ச் 6

காலையில் விழா அமைப்பாளர் வந்து பார்த்தார். “ஓடாத படைப்புக்கு எதுக்கும்மா அறை? நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் பாப்போம். இல்லேன்னா வேற ஒருத்தருக்குக் குடுத்துடறேன்.” தலையாட்டிவிட்டு, கழிப்பறையில் போய் அழுதேன். இருந்த வேலையை விட்டது இதுக்குத்தானா? அக்கா அப்பவே சொன்னா — “தூங்குறதப் பாக்க எவன்டி வருவான்?” நாலு நாளாக எனக்குப் பொட்டுத் தூக்கமில்லை.

மாலை:

இவரைத் தேடி அரங்கத்துக்குள் போனேன். சாப்பாட்டுக்குப் பிந்தைய சொற்பொழிவு. ஒரு பேராசிரியர் தாளைப் பார்த்துப் படித்துக்கொண்டிருந்தார். கடைசி வரிசையில் இவர், வாயைப் பிளந்துகொண்டு குறட்டை. பக்கத்தில் இன்னும் நாலு பேர் தலை தொங்கிக் கிடந்தார்கள். உலுக்கப் போன கை அப்படியே நின்றுவிட்டது.

அடி மக்கு, தூங்குறவங்க எல்லாம் இங்கதான இருக்காங்க.

அமைப்பாளரிடம் ஓடினேன். முதலில் முறைத்தார். பிறகு சிரிப்பை அடக்க முடியாமல் சரி என்றார்.

மார்ச் 7

சோதனைக்காகச் செய்து வைத்திருந்த சென்சார் தலையணைகளையெல்லாம் கடைசி வரிசை நாற்காலிகளில் கட்டினோம். மேலே பலகை: ‘இந்த வரிசை உறங்குபவர்களுக்கு. உங்கள் மூச்சு பக்கத்து அறைச் சுவரில் தெரியும்.’ இன்றும் அதே பேராசிரியர், இரண்டாம் பகுதி. அவரிடம் நானே போய்ச் சொன்னேன். “முப்பது வருஷமா என் வகுப்புல தூங்கியிருக்காங்க. இப்பவாவது கணக்குல வரட்டும்மா” என்றார்.

முதலில் நிரம்பியதே கடைசி வரிசைதான். கால் மணி நேரம் கூட ஆகியிருக்காது. சுவரில் ஓர் அலை. பிறகு மூன்று. பிறகு வரிசை முழுக்க — ஒன்றன் மேல் ஒன்றாக, நீலம் நீலமாக. இருப்பதிலேயே பெரியது நடுவர் குழுத் தலைவருடையது. அறை கொள்ளாமல் வாசல் வரை கூட்டம். அமைப்பாளர் அறையைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.

ஜெயிச்சுட்டேன். ஜெயிச்சுட்டேன்டி அக்கா.

மார்ச் 8

பரிசளிப்புக்கு முன் சென்சாரைச் சரிபார்க்கலாம் என்று கடைசி வரிசையில் உட்கார்ந்தது நினைவிருக்கிறது. கண் திறந்தபோது அரங்கம் காலி. இவர் மட்டும் பக்கத்தில், மடியில் ஒரு கேடயம்.

முதல் பரிசுக்கு என் பெயரைச் சொன்னார்களாம். பேராசிரியர் உதட்டில் விரல் வைத்து, யாரும் கை தட்டக் கூடாது என்றாராம். அத்தனை பேரும் சத்தமில்லாமல் பக்கத்து அறைக்குப் போய் நின்றார்களாம்.

“எழுப்பியிருக்கலாம்ல?”

“எப்படி எழுப்புறது? செவுரு முழுக்க நீ ஒருத்திதான் ஓடிட்டிருந்த.”